தாளம் நின்ற நேரத்தில் உள்ளே போனவர்

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

போன வாரம் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, வடையும் காப்பியும் கொடுத்து நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. “டிரான்ஸ் மியூசிக் செத்துக்கிட்டிருக்கா, இல்ல உருமாறிக்கிட்டிருக்கா?” என்று கேட்டீர்கள். நான் எதையோ உளறிவிட்டு, சாத்தூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்துவிட்டேன். உண்மையில் எந்த பஸ்ஸையும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். உங்களுக்கு அது ரசனை சம்பந்தப்பட்ட விஷயம். எனக்கு அது காளிராஜ் என்கிற ஒரு மனிதர் உயிரோடு வீடு திரும்பினாரா இல்லையா என்கிற விஷயம். நேரில் சொன்னால் குரல் நடுங்கும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பயந்தாங்கொள்ளி. இசையோடு சேர்த்து வாணவேடிக்கை விடும் கம்பெனிகளுக்குப் பாட்டு ஓட்டுவதுதான் இருபது வருடத்துக்கு மேல் என் பிழைப்பு. ஆனால் இன்றைக்கும் என் தெருவில் யாராவது ஒரு சரத்தைக் கொளுத்தினால் எனக்குத் தூக்கிவாரிப்போடும். நம் பக்கத்து ஆட்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. பகலில் எங்காவது ‘டம்’ என்று கேட்டால் தெருவே வாசலுக்கு வந்துவிடும். புகை எந்தத் திசையில் எழும்புகிறது என்று பார்ப்பார்கள். வெம்பக்கோட்டைப் பக்கமா, சாத்தூர்ப் பக்கமா? அதற்குப் பிறகுதான் யாருக்கு அழுகை, யாருக்கு நிம்மதி என்பது தெரியும். அந்த நிம்மதியும் கேவலமான நிம்மதி. நான் அப்படிப்பட்ட வாசலில் வளர்ந்தவன். என் அம்மாவும் அக்காவும் பட்டாசுக் கம்பெனிக்குப் போனவர்கள். எனவே நான் தைரியசாலி மாதிரி எழுதினால் நம்பாதீர்கள்.

டிரான்ஸ் நம் ஊருக்கு வந்த கதை வேடிக்கையானது. அச்சு இயந்திரம் பார்க்க ஜெர்மனிக்குப் போன சிவகாசி முதலாளி ஒருவர், திரும்பும்போது விமான நிலையத்தில் கைக்குக் கிடைத்த சில சிடிக்களை வாங்கி வந்திருந்தார். அவர் வீட்டு விசேஷத்தில் வாணவேடிக்கைக்கு அதைத்தான் போட வேண்டும் என்று என்னிடம் கொடுத்தார். அதுவரை நாங்கள் சினிமாப் பாட்டுக்குத்தான் வாணம் விட்டுக்கொண்டிருந்தோம். சினிமாப் பாட்டில் பல்லவி முடிந்து சரணம் வருவதற்குள் மூன்று முறை தாளம் மாறும். வாணத்தைக் கொளுத்தும் சுவிட்ச் போர்டில் இருக்கும் ஆள் எதைப் பிடித்துக்கொண்டு அடிப்பது என்று தெரியாமல் திண்டாடுவார்.

இந்த ஜெர்மனிப் பாட்டு அப்படி இல்லை. தையல் மிஷின் மாதிரி ஒரே சீராக ஒரு தாளம். அதற்கு மேலே சுற்றிச் சுற்றி வரும் ஒரு மெட்டு. பாதியில் தாளம் அப்படியே நின்றுபோகும். மெட்டு மட்டும் நெடுநேரம் மிதக்கும். பிறகு தூரத்தில் டிரம்மின் உருட்டு ஒன்று கிளம்பும். படபடவென்று நெருங்கி நெருங்கி வந்து, உச்சிக்குப் போய், தாளம் மறுபடி ‘தொம்’ என்று விழும். கேட்டு முடித்ததும் எங்கள் சுவிட்ச் போர்டு ஆள் சண்முகம் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

“இது நல்ல பாட்டுண்ணே. சொல்லிட்டு வருது.”

அந்த ஒரு வாக்கியத்தில் அவர் டிரான்ஸை முழுக்கச் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு வருகிற பாட்டு. எங்கள் வேலையில் அதைவிடப் பெரிய குணம் ஒரு பாட்டுக்கு இருக்க முடியாது.

ஏன் என்று சொல்கிறேன். வாணம் விடும் களத்தில் நாங்கள் செல்போன் வைத்துக்கொள்வதில்லை. வாக்கி டாக்கியும் கிடையாது. வரிசையாக நட்டிருக்கும் ஒவ்வொரு குழாயிலும் இறங்கியிருக்கும் வெடியைப் பற்றவைக்க மின்சார வயர் போயிருக்கும். அந்த வயருக்குப் பக்கத்தில் அலை எழுப்பும் எதையும் கொண்டுபோகக் கூடாது. எது எப்போது தூண்டிவிடும் என்று யாருக்கும் தெரியாது. எல்லோருடைய போனையும் வாங்கி ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டு என் மேஜைக்கடியில் வைத்துவிடுவோம். வாணம் ஆரம்பித்த பிறகு கத்தினாலும் கேட்காது. புகையில் ஆள் முகம் ஆளுக்குத் தெரியாது. களத்துக்குள் இருக்கிற எல்லோருக்கும் ஒரே சமயத்தில் போய்ச் சேருகிற ஒரே செய்தி, பாட்டு.

அதனால் நாங்களாகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். தாளம் அடித்துக்கொண்டிருக்கும்வரை ஒருத்தரும் களத்துக்குள் போகக் கூடாது. தாளம் நிற்கிற இடத்துக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் ‘கேப்’. அந்த கேப்பில் வாணமும் நிற்கும். அப்போது எங்கள் களத்து ஆள் காளிராஜ் உள்ளே போவார். கடைசி வரிசைக் குழாய்கள்தான் இருப்பதிலேயே பெரியவை. முதலில் விடும் வாணத்தின் பொறி அவற்றில் விழுந்துவிடாதபடி ஒரு தார்ப்பாய் போட்டு மூடியிருப்போம். காளிராஜ் அதை உருவி எடுத்துக்கொண்டு, உருட்டு கேட்டதும் வெளியே வந்துவிடுவார். பத்திரமான தூரத்துக்கு வந்ததும், சிவப்புத் தாள் சுற்றிய டார்ச்சை என் பக்கம் பார்த்து ஆட்டுவார். தாளம் விழும். சண்முகம் சுவிட்சைத் தட்டுவார். வானம் பிளக்கும்.

விதிமுறைப் புத்தகத்தைப் படித்தவர் யாராவது இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார். அடித்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் வருடக்கணக்காக ஒரு கீறல்கூட இல்லாமல் நடந்த வழக்கத்தை யாரும் ஆபத்து என்று நினைப்பதில்லை. அதற்குத் திறமை என்று பெயர் வைத்துவிடுவோம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். டிரான்ஸ் செத்துவிட்டது என்று நான் முதலில் கேள்விப்பட்டபோது உங்களில் பலர் பள்ளிக்கூடம்கூடப் போயிருக்க மாட்டீர்கள். வேகம் குறைந்தபோது செத்தது என்றார்கள். பெரிய மைதானங்களுக்குப் போய், எல்லோரும் சேர்ந்து பாடுகிற மாதிரி ஆனபோது செத்தது என்றார்கள். இப்போது வேகம் கூடி, முரட்டுத்தனமாக ஆனதால் செத்தது என்கிறார்கள். சாகிற உயிர் ஒரு தடவைதான் சாகும். இது சீசனுக்கு ஒரு தடவை செத்துக்கொண்டிருக்கிறது. பெயர் மாறியிருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்தச் சுற்றிவரும் மெட்டை நான் வேறு பெயர் போட்ட பாட்டுகளில் கேட்கிறேன். கோயில் ஊர்வலத்தில் லாரி மேல் ஸ்பீக்கர் கட்டிப் பையன்கள் போடும் ரீமிக்ஸில்கூடக் கேட்கிறேன். அவர்களுக்கு அது டிரான்ஸ் என்று தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது?

குறைந்தது ஒன்றுதான். காத்திருப்பு. கேப் சுருங்கிக்கொண்டே வந்தது. போனில் கேட்கிறவனுக்குப் பொறுமை இல்லை. தாளம் நின்றால் அடுத்த பாட்டுக்குத் தள்ளிவிடுகிறான். பாட்டுச் செய்கிறவர்களும் அதற்கேற்ற மாதிரி வெட்டினார்கள். ரசிகர்கள் இதை வைத்து இணையத்தில் சண்டை போட்டார்கள். எனக்கு அந்தச் சண்டையில் சேர நேரமில்லை. ஒவ்வொரு புதுப் பாட்டையும் கேட்கும்போது என் மனதில் ஓடிய கணக்கு ஒன்றே ஒன்றுதான். இந்த இடைவெளிக்குள் காளிராஜ் போய்விட்டுத் திரும்ப முடியுமா?

நான் சொல்ல வந்த அந்தக் கல்யாணம் சிவகாசியில் ஒரு பெரிய வியாபாரக் குடும்பத்துடையது. மண்டபத்துக்குப் பின்னால் பெரிய பொட்டல். பெண்ணின் தம்பி பிரதீப் பெங்களூரில் படித்துவிட்டு, சொந்தமாகப் பாட்டுச் செய்துகொண்டிருந்தார். அக்காள் கல்யாணத்துக்கென்றே ஒரு பாட்டு செய்திருந்தார். கடைசி வாணத்துக்கு அதுதான் ஓட வேண்டும். நல்ல பிள்ளை, என்னை மதித்து, முன்கூட்டியே கொண்டுவந்து போட்டுக் காட்டினார்.

“இது டிரான்ஸ்தான் அங்கிள். ஆனா இப்ப இருக்கற டிரான்ஸ்” என்றார்.

கேட்டேன். கொஞ்சம் வேகம் அதிகம். மற்றபடி மெட்டு அருமை. சொன்னால் சிரிப்பீர்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. கேப் தாராளமாக இருந்தது. சண்முகத்தையும் காளிராஜையும் வரச்சொல்லி, வெறும் பொட்டலில் பாட்டைப் போட்டுப் பார்த்தோம். காளிராஜ் கேப்பில் நடந்து உள்ளே போய், தார்ப்பாயை உருவுகிற மாதிரி பாவனை செய்து, ஆற அமரத் திரும்பி வந்தார்.

“டீ குடிச்சிட்டு வரலாம் போலுக்கே!” என்று சிரித்தார்.

கல்யாணத்தன்று பொழுது சாய்ந்ததும், முதல் பந்தி நடந்துகொண்டிருந்த சமயத்தில், பிரதீப் ஒரு பென் டிரைவோடு ஓடி வந்தார். “அங்கிள், ஃபைனல் வெர்ஷன். சவுண்டை மட்டும் கொஞ்சம் ஏத்திருக்கேன். வேற ஒண்ணும் மாத்தல.”

கடைசி நேரத்தில் கொண்டுவந்து நீட்டுகிறாரே என்று எனக்கு எரிச்சல். இருந்தாலும் வழக்கமாகப் பார்ப்பதைப் பார்த்தேன். பாட்டின் நீளம் அதே நீளம். தொடக்கத்தைக் கேட்டேன், முடிவைக் கேட்டேன். சத்தம் நிஜமாகவே நன்றாக ஏறியிருந்தது. பழைய பாட்டை மாற்றாமல் இரண்டாவது பிளேயரில் அப்படியே விட்டுவிட்டு, புதியதை முதலாவதில் ஏற்றினேன். பழையதை ஏன் அங்கேயே விட்டேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பயந்தவன் எதையும் சட்டென்று தூக்கிப் போட மாட்டான், அவ்வளவுதான்.

விருந்தினர்கள் வெளியே வந்து நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் முன்வரிசையில். மேடை மேல் என் மேஜையோடு நான்; எனக்கு இடப்பக்கம் தூரத்தில், மணல் மூட்டை அடுக்கிய மறைவுக்குப் பின்னால் சண்முகம். எதிரே களம், அதன் ஓரத்தில் ஒரு வேப்பமரம். வாணம் ஆரம்பித்தது. எல்லாம் அழகாகப் போனது. புகை மட்டும் கலையாமல் களத்தின் மேலேயே படிந்துகொண்டிருந்தது. காற்றே இல்லை. கடைசியாக பிரதீப்பின் பாட்டு வந்தது. முதல் பாதி முடிந்து தாளம் நின்றது. சிவப்பு வெளிச்சம் ஒன்று மினுக்கிக்கொண்டு புகைக்குள் போய் அணைந்தது. காளிராஜ் உள்ளே போய்விட்டார்.

அப்போதுதான் உருட்டு கேட்டது.

முதலில் அதை நான் நம்பவில்லை. அது வரவேண்டிய இடம் இல்லை அது. மெட்டு இன்னும் ஒரு சுற்றுகூட முழுதாக வரவில்லை. தூரத்தில் படபடவென்று கிளம்பி, நெருங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற பிரதீப்பைப் பார்த்தேன். அவர் முகமெல்லாம் சிரிப்பு.

“கேப் ரொம்ப லென்த்தா இருக்குன்னு ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் சொன்னாங்க அங்கிள். அதைக் கட் பண்ணிட்டு எண்டிங்கைக் கொஞ்சம் இழுத்துட்டேன்” என்றார்.

அவர் பொய் சொல்லியிருக்கவில்லை. அவரைப் பொறுத்தவரை பாட்டு அதே பாட்டுதான்.

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? பாட்டை நிறுத்துவேன் என்பீர்கள். எனக்கும் கை அங்கேதான் போனது. நடுவழியில் விறைத்து நின்றுவிட்டது. ஏனென்றால் எங்களிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. கல்யாண வீட்டில் வாணம் பாதியில் நின்றால் அபசகுனம் என்பார்கள். அதனால் ஜெனரேட்டர் போயோ வேறு எதனாலோ பாட்டு நின்றுவிட்டால், மிச்சம் இருப்பதை எல்லாம் சண்முகம் ஒரே மூச்சில் அடித்து முடித்துவிட வேண்டும். அதுதான் முடிவு என்று நினைத்துக் கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதாவது நான் பாட்டை நிறுத்தினால், அந்த நொடியே கடைசி வரிசை முழுக்க வெடிக்கும். நிறுத்தாவிட்டால், உருட்டு முடிந்து தாளம் விழும்போது வெடிக்கும். எப்படியும் காளிராஜ் அந்தக் குழாய்களுக்கு நடுவில் நிற்கிறார். சண்முகம் நேரம் பார்க்கிறவர் இல்லை, மணல் மூட்டை மறைவிலிருந்து அவருக்கு டார்ச்சும் தெரியாது. உருட்டு கேட்டால் அவர் விரல் சுவிட்சுக்குப் போய்விடும்.

ஓடிப்போய்ச் சொல்ல முடியாது, அவ்வளவு தூரம். கத்தினால் என் ஸ்பீக்கரே என்னை அமுக்கிவிடும். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று சும்மா சொல்லுவோமே, அன்றைக்குத்தான் எனக்கு அதன் அர்த்தம் தெரிந்தது. முழங்கால் இரண்டும் மேஜையில் தட்டிக்கொண்டிருந்தன.

ஓடுகிற பாட்டில் ஒரு சின்னத் துண்டைப் பிடித்து, அதையே திரும்பத் திரும்பச் சுற்றவிடும் பொத்தான் ஒன்று பிளேயரில் உண்டு. அதை அழுத்தினேன். உருட்டு உச்சிக்குப் போகாமல் அதே இடத்தில் சுற்ற ஆரம்பித்தது. தாளம் விழவில்லை. ஆனால் இதை எவ்வளவு நேரம் ஓட்ட முடியும்? கீறல் விழுந்த சிடி மாதிரி அது திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் நின்றால், பாட்டு சிக்கிக்கொண்டது என்று சண்முகம் நினைப்பார். சிக்கினாலும் நின்றாலும் அவருக்கு ஒன்றுதான். அடித்துவிடுவார்.

அதாவது பாட்டு உயிரோடு இருக்கிறது என்று அவர் நம்ப வேண்டும். அதே நேரத்தில் தாளம் இப்போதைக்கு விழாது என்றும் நம்ப வேண்டும்.

சத்தத்தின் கனத்தைக் குறைக்கும் குமிழை மெல்லத் திருகினேன். உருட்டு அடங்கி அடங்கித் தூரப் போனது, வந்த வண்டி திரும்பிப் போகிற மாதிரி. ஹெட்போனை ஒரு காதில் வைத்துக்கொண்டு, இரண்டாவது பிளேயரில் இருந்த பழைய பாட்டில் கேப்பைத் தேடினேன். வைத்த இடத்தில் தாளம் அடித்தது. தள்ளினேன். அங்கேயும் தாளம். அந்தச் சத்தத்தில் ஒரு துளி ஸ்பீக்கருக்குப் போனாலும் முடிந்தது கதை. இன்னும் தள்ளினேன். மெட்டு, வெறும் மெட்டு மட்டும். அந்தப் பாட்டை ஸ்பீக்கருக்கு விடும் கட்டை என் கைக்கு நேராக ஏறவில்லை. இடக்கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஏற்றினேன்.

பொட்டல் முழுவதும் அந்த மெட்டு மறுபடி எழுந்தது. விருந்தினர்கள் ‘ஓ’ என்றார்கள். அவர்களுக்கு அது வித்தை.

பிரதீப் என் தோளைப் பிடித்து உலுக்கினார். “அங்கிள், என்ன பண்றீங்க? டிராப் வரணும், தாளம் விழணும்! என் பாட்டைக் கெடுக்கறீங்க!”

“உள்ள ஆள் இருக்கு” என்று சொன்னேன். சொன்னதாக நினைத்தேன். காற்றுதான் வந்தது. ஆனால் அவர் என் முகத்தைப் பார்த்தார். கையை எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அவரும் புகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

டார்ச் வரவில்லை.

மெட்டு ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்று போனது. டார்ச் வரவில்லை. உருட்டு கேட்டதும் ஓடி வந்திருக்க வேண்டிய மனுஷன். தடுக்கி விழுந்துவிட்டாரா? புகை அடைத்து மயங்கிவிட்டாரா? கேப் முடியப்போகிறது, அதற்கப்புறம் பழைய பாட்டிலும் உருட்டு கிளம்பிவிடும். மெட்டையும் பிடித்துச் சுற்றவிட்டேன். காளிராஜின் பெண்டாட்டி முகம் எனக்கு ஞாபகம் வந்தது. முறுக்குச் சுட்டு ஒரு பையில் போட்டு எனக்குக் கொடுத்தனுப்புவார். நாளைக்கு அந்தத் தெருவுக்குள் எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவேன் என்று நினைத்தேன். ஒரு ஆள் செத்துக்கொண்டிருக்கிறாரோ என்னவோ, எனக்கு என் முகத்தைப் பற்றிக் கவலை. பயம் மனிதனை அப்படி ஆக்கும். நீங்கள் அதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

வேப்பமரத்தடியில் சிவப்பு வெளிச்சம் ஆடியது.

விட்டேன். பிடித்து வைத்திருந்த மெட்டு ஓடி முடிந்து உருட்டு வந்தது, உச்சிக்குப் போனது, தாளம் விழுந்தது. சண்முகம் தட்டினார். வானம் முழுக்க வெள்ளையும் தங்கமுமாகக் கொட்டியது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் மேஜைக்கடியில் குனிந்து, போன் வைத்திருந்த வாளிக்குப் பக்கத்தில் வாந்தி எடுத்தேன்.

காளிராஜ் வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். தார்ப்பாய் சுருட்டிக் கக்கத்தில் இருந்தது.

“உருட்டு வெரசா வந்துருச்சுல்ல? அங்கனயே குப்புறப் படுத்துட்டேன்ணே. கதை முடிஞ்சிச்சுன்னுதான் நெனச்சேன். அப்புறம் பாத்தா பாட்டு திரும்பி வருது. சரி, மேல அண்ணன் பாத்துக்கிட்டாகன்னு எந்திரிச்சுப் போயி இதை உருவிக்கிட்டு வந்தேன். வயர்ல மாட்டிக்கிச்சு, அதான் செத்த லேட்டு.”

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது. “ஏலே, கிறுக்குப் பயலே! தார்ப்பாய் கெடக்குது, ஓடி வரணும்னு தோணலையா ஒனக்கு?”

“அதான் நீங்க பாட்டைப் புடிச்சு வச்சிருந்தீகள்ல, பெறகு என்ன பயம்?” என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். நான் எதற்காகக் கத்துகிறேன் என்று அவருக்கு உண்மையாகவே புரியவில்லை.

பிரதீப் அன்றைக்கு ஒரு வாய் சாப்பிடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து காளிராஜையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல பிள்ளை என்றேன் அல்லவா, இன்றுவரை பாட்டில் ஒரு நொடியை மாற்றினாலும் எனக்குச் சொல்லி அனுப்புவார். ஆனால் விருந்துக்கு வந்த யாரோ அதைப் படம் பிடித்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். உருட்டு வந்து, ஏமாற்றிவிட்டு, மெட்டு திரும்பி, மறுபடி உருட்டு. ஜனங்களுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அடுத்தடுத்து வந்த ஆர்டர்களில் எல்லாம், “அந்தக் கல்யாணத்துல செஞ்சீங்களே, அந்த மாதிரி” என்று கேட்டார்கள். நம் பக்கத்துப் பையன்கள் தங்கள் பாட்டுகளிலேயே அப்படி வெட்டி ஒட்ட ஆரம்பித்தார்கள். நீங்களும் இப்போது ஒரு பொய் உருட்டு வைத்து, கூட்டத்தை ஏமாற்றி ரசிக்கிறீர்கள். உலகத்தில் வேறெங்கோ அது முன்னமே இருந்திருக்கும். நம் களத்துக்கு அது வந்த வழி இதுதான். நீங்கள் ஸ்டைல் என்று நினைப்பது என் முழங்கால் நடுக்கம்.

இதில்தான் என் பதில் இருக்கிறது. டிரான்ஸ் சாகவில்லை. உயிரோடு இருக்கிறது. உயிரோடு இருப்பதால்தான் மாறுகிறது, யார் கைக்குப் போனாலும் அந்தக் கைக்கு ஏற்ற மாதிரி மாறுகிறது. அதைக் கேட்டு நீங்கள் சந்தோஷப்படலாம். நான் பயப்படுகிறேன். மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றின் மேல் நாங்கள் ஓர் ஆளின் உயிரைத் தொங்கவிட்டிருந்தோம். முதலில் கேப் சுருங்கியது. பிறகு உருட்டு வந்தால் அடி விழும் என்கிற நம்பிக்கையும் போனது. சொல்லிவிட்டு வருகிற பாட்டு என்றாரே சண்முகம், அது இப்போது சொல்லிவிட்டு வராமலும் இருக்கும், சொல்லாமலும் வரும். உங்கள் காலத்தில் சுவிட்சைத் தட்ட விரல்கூடக் கிடையாது. பாட்டும் வாணமும் ஒரே கம்ப்யூட்டரில் ஓடுகின்றன. அதைக் கேட்டபோது எனக்குத் தூக்கம் போனது. சண்முகத்தின் விரலையாவது நான் ஏமாற்றி நிறுத்தினேன். கம்ப்யூட்டரை எந்த மெட்டைப் போட்டு நிறுத்துவீர்கள்?

அதற்குப் பிறகு காரியாபட்டிப் பக்கம் ஒரு திறப்பு விழா. ஆட்கள் குழாய் இறக்கிக்கொண்டிருந்தார்கள். களத்துக்குப் புதிதாக வந்த ஒருவர் தயங்கித் தயங்கி ஏதோ கேட்டார். காளிராஜ் அவருக்குப் பதில் சொன்னது என் காதில் விழுந்தது.

“சும்மா தைரியமா போங்க. உருட்டு கேட்டாலும் பதறாதீக. மேல அண்ணன் இருக்காக, நாம வெளிய வர்றவரைக்கும் பாட்டை விடமாட்டாக.”

அந்தக் கல்யாணத்தன்று புகையைப் பார்த்துக்கொண்டு நின்றேனே, அதைவிட இப்போது அதிகமாகப் பயந்துபோனேன். அன்றைக்கு ஒருவர் தெரியாமல் உள்ளே நின்றார். இனிமேல் தெரிந்தே நிற்பார்கள், என்னை நம்பி. எனக்கு ஒருநாள் தும்மல் வரும். ஒருநாள் பொத்தான் வேலை செய்யாது. ஒருநாள் என் கை பயத்தில் தப்பான இடத்தில் விழும்.

நேரே சண்முகத்திடம் போனேன். அவருடைய சுவிட்ச் பெட்டிக்கு ஒரு சாவி உண்டு. அது இல்லாமல் எந்தச் சுவிட்சும் வேலை செய்யாது. தொலைந்துவிடக் கூடாது என்று அதைப் பெட்டியிலேயே சணலால் கட்டி வைத்திருந்தோம், கழற்றியதே கிடையாது. அந்தச் சணலை அறுத்தேன். கேப் வந்ததும் சாவியை உருவிக் காளிராஜ் கையில் கொடுத்துவிட வேண்டும், அவர் திரும்பி வந்து கொடுக்கும்வரை பெட்டி செத்த பெட்டி என்று சண்முகத்திடம் சொன்னேன்.

காளிராஜுக்கு அது அவமானமாகப் பட்டது. “சாவி எதுக்குண்ணே? மேல நீங்க இருக்கீகல்ல?”

“நான் இருக்கேன்னு நீ நம்புறதுதான்லே எனக்குப் பயமா இருக்கு” என்றேன்.

அன்றைக்கும் கேப் வந்தது. காளிராஜ் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். தார்ப்பாயில் என்ன சிக்கலோ, நேரமாகிவிட்டது. உருட்டு கிளம்பியது. என் கை பழக்கத்தில் பொத்தானுக்குப் போனது. இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். உருட்டு உச்சிக்குப் போனது. அடி விழுந்தது.

வானம் கறுப்பாகவே இருந்தது.

கூட்டம் திரும்பி என்னைப் பார்த்தது. விழா நடத்தியவர் மேடையிலிருந்து இறங்கி வந்து, என்ன தொழில் பண்ணுறீங்க, வெக்கமா இல்லையா என்று எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினார். பாட்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. காளிராஜ் தார்ப்பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்த அவசரமும் இல்லாமல், அந்த இருட்டுக்குக் கீழே நடந்து வந்தார். அத்தனை வருடத்தில் நான் பயப்படாமல் பார்த்த வானம் அது ஒன்றுதான்.